30 டைல்ஸ் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் பதினெட்டு வருடமாக டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டுவது எங்கள் தொழிலிலும் உண்டு. பள்ளிக்கூடங்களில் ஸ்மார்ட் வகுப்பறை திறக்கிற படம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. ரிப்பன், குத்துவிளக்கு, பின்னால் பளபளவென்று ஒரு பெரிய திரை, அதில் 'வருக வருக' என்று எழுத்து. அந்தத் திரையில் மறுநாள் கணக்கு வகுப்பில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு வியாசர்பாடியிலிருந்து எனக்குப் பழக்கமான ஒருவர் வந்தார். மாடியில் ஒரு அறை கட்டியிருந்தார், 12-க்கு 10. கூடவே மகன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கணக்கில் 97. நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் பையன் மனக்கணக்காகவே சொல்லிவிட்டான். பரப்பு 120 சதுர அடி, 2-க்கு 2 டைல்ஸ் என்றால் ஒன்றுக்கு 4 சதுர அடி, ஆக 30 டைல்ஸ், பெட்டிக்கு 4 என்றால் ஏழரைப் பெட்டி, 8 பெட்டி வாங்கினால் இரண்டு டைல்ஸ் மிச்சம். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பத்துப் பெட்டியா எடுத்துக்கோங்கண்ணே" என்றேன். கடைக்காரன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே எட்டே போதும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் போன். ஆறு டைல்ஸ் குறைகிறதாம். அதே மாடல் என்னிடம் இருந்தது, ஆனால் அதே பேட்ச் இல்லை. பேட்ச் மாறினால் ஷேடு மாறும், வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். இன்றைக்கும் அந்த அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு வரிசை மட்டும் லேசாக மஞ்சளடிக்கும்.

எங்கே தப்பு? 2-க்கு 2 என்று வாயால் சொல்கிறோமே தவிர அந்த டைல்ஸின் அளவு 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பது 609.6. ஒன்பதரை மில்லிமீட்டர்தானே, போனால் போகிறது என்று தோன்றும். 10 அடிச் சுவர் 3048 மில்லிமீட்டர், ஐந்து டைல்ஸ் சேர்ந்தால் 3000, மீதி 48. 12 அடிப் பக்கம் 3657, ஆறு டைல்ஸ் 3600, மீதி 57. ஜாயின்டுக்கு விடுகிற இடைவெளியில் கொஞ்சம் கரையும், முழுசும் கரையாது. அதனால் இரண்டு சுவர் ஓரமாகவும் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை பாக்கி நிற்கும். அவ்வளவு ஒல்லியான பட்டையாக டைல்ஸை வெட்டினால் பாதி உடைந்துதான் போகும். அப்புறம் ஸ்கர்ட்டிங். சுவரடியில் நாலு அங்குலம் ஒட்டுவோமே, அது. சுற்றளவு 44 அடி, கதவுக்கு 3 கழித்தால் 41, ஒரு டைல்ஸை ஆறு பட்டையாக வெட்டினால் 12 அடி வரும், ஆக அதற்கே நாலு டைல்ஸ். பையன் பரப்பளவு போட்டான், சுற்றளவை மறந்துவிட்டான். ஏன் மறந்தான்? 'சுற்றளவு காண்க' என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

பையனைக் குறை சொல்லவில்லை. 97 சும்மா வரவில்லை. ஆனால் அவன் பார்த்த கணக்கில் எல்லாம் அறை சரியான செவ்வகம், டைல்ஸ் மிச்சமில்லாமல் பொருந்தும், எதுவும் உடையாது. நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருக்கிறேன், வட சென்னையில் சரியான செவ்வகமாக ஒரு அறையை இன்னும் பார்க்கவில்லை. மேஸ்திரி உள்ளே நுழைந்ததும் முதலில் மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்று அடியும் அடுத்த சுவரில் நாலு அடியும் குறித்து, குறுக்கே டேப் பிடித்து, அஞ்சு அடி வருகிறதா என்று பார்ப்பார். வராது. நாலு அடி பதினொன்று வரும், இல்லை அஞ்சு அடி ஒரு அங்குலம் வரும். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கும்.

சரி, இதற்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்குத் திரை வந்தபோது வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஒரு மாதம் கழித்து, "கணக்குல அதுல என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டேன். "வீடியோ போடுவாங்கப்பா" என்றாள். அந்த வீடியோவில் யாரோ ஒருவர் கரும்பலகையில் கணக்கு போடுகிறாராம். அறுபத்தைந்து அங்குலத் திரையில் ஒரு கரும்பலகையின் படம்! மீதி நேரம் அதன்மேல் துணி போர்த்தியிருக்கும், ரிமோட் பீரோவில், பீரோ சாவி வேறொருவரிடம். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பயம் வேறு, தொடுதிரையில்.

ஆனால் பணம் போட்டிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. 2011-ல் இலவச லேப்டாப் வந்தது, 2018-லிருந்து பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு, அப்புறம் ஹைடெக் லேப் என்கிற கம்ப்யூட்டர் அறை, கடந்த சில வருடங்களில் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் ஸ்மார்ட் வகுப்பறைகள். நம் ஊர் கணக்குப் புத்தகத்திலேயே பாட முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பெட்டி இருக்கிறது, பெற்றோர் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், நானும் மகள் காட்டித்தான் பார்த்தேன். அதில் கொடுத்திருப்பது பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்கிற மென்பொருளின் பக்கம். ஆஸ்திரியாவில் 2001-ல் ஒரு மாணவர் தன் படிப்புக்காக ஆரம்பித்தது, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசம், போனிலேயே ஓடும். கோடு, வட்டம், முக்கோணம் வரைந்து விரலால் இழுத்தால் நீளமும் கோணமும் கூடவே மாறும். ஆக சாமான் எல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது. டைல்ஸ், சிமெண்ட், மணல் எல்லாம் வாசலில் கிடக்கிறது, மேஸ்திரியைத்தான் வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன். கூட்டம் முடிந்ததும் கணக்கு மிஸ் என்னிடம் வந்தார். கோபமாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். "நீங்களே வந்து ஒரு பீரியட் எடுங்க சார், டேப்பையும் டைல்ஸையும் கொண்டுவாங்க, போர்டை நான் பாத்துக்கிறேன்" என்றார். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்த ஒரு பீரியடைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே அதனால்தான். வகுப்பறைக்கே டைல்ஸ் போடுவது என்று வைத்துக்கொண்டோம். நாலு டேப் கொடுத்தேன், ஆறு குழு, மாற்றி மாற்றி அளந்தார்கள். நீளத்துக்கு நாலு விதமான விடை வந்தது. 20 அடி என்று மூன்று குழு, 19 அடி 11 அங்குலம் என்று ஒன்று, 20 அடி 2 அங்குலம் என்று ஒன்று, ஒரு குழு டேப்பை வளைத்துப் பிடித்து 21 என்றது. சண்டை. எந்தக் குழு சொல்வது சரி என்று மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் சொல்லவில்லை, "மறுபடி அளங்க" என்றார். கடைசியில் 20-க்கு 16 என்று முடிவானது. குறுக்களவு 25 அடி 7 அங்குலம் வர வேண்டும் என்று பிதாகரஸ் போட்டுச் சொன்னார்கள். அளந்தால் ஒரு குறுக்கு 25 அடி 9, இன்னொன்று 25 அடி 5. அதாவது அவர்கள் நாலு மாதமாக உட்கார்ந்திருக்கிற அறை கோணல்! அந்த நிமிடம் வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் மிஸ் திரையில் அந்த அறையை வரைந்தார், டைல்ஸ் அளவுக்கு ஒன்றும் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒன்றுமாக நகர்த்துகிற கோடு இரண்டு வைத்தார். 6096 மில்லிமீட்டரில் பத்து டைல்ஸ் போக 96 மிச்சம், 4877-ல் எட்டு போக 77 மிச்சம். ஓரத்தில் அந்த ஒல்லிப் பட்டை சிவப்பாகத் தெரிந்தது. "இது உடையும்" என்றேன் நான். "அப்ப என்ன பண்றது?" என்றார் மிஸ். ஒருவரும் பேசவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நடுவுல நூல் அடிச்சு ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டா சின்னத் துண்டு வராது மிஸ்" என்றான். அவன் அப்பா கொத்தனார் என்று பிறகு தெரிந்தது. கணக்கில் இருபது முப்பது எடுக்கிற பையனாம். அவனையே கூப்பிட்டு நகர்த்தச் சொன்னார். விரலை வைத்து மெதுவாக இழுத்தான். ஒரு பக்கத்துப் பட்டை அகலமாக அகலமாக எதிர்ப்பக்கத்தில் கடைசி டைல்ஸ் குறைந்துகொண்டே வந்து, இரண்டு ஓரமும் 348, 348 என்று வந்து நின்றது. அகலத்திலும் அதே மாதிரி 338, 338. பார்க்க அழகு, வெட்டவும் சுலபம்.

இப்போது எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று எண்ணச் சொன்னேன். 11 பெருக்கல் 9, மொத்தம் 99. வெட்டி எறிகிற துண்டு அகலம் போதாததால் அதை இன்னொரு ஓரத்துக்குப் போட முடியாது. மூலையிலிருந்து முழு டைல்ஸாக ஆரம்பித்தால் 80 முழுசு, ஓரப் பட்டைக்கு நாலு, ஒன்றும் உடையவில்லை என்றால் 84. அதாவது 21 பெட்டிக்கும் 25 பெட்டிக்கும் வித்தியாசம். அழகா, காசா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பெண் எழுந்து, பட்டை வருகிற இரண்டு பக்கத்திலும் பீரோவும் பெஞ்சும் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, 21-ஓடு முடிக்கலாம் என்றாள். இன்னொருத்தி, உடைகிறதற்கு எத்தனை சேர்த்தாய் என்று மடக்கினாள். எனக்கு என் கடை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. பெல் அடித்தும் யாரும் எழவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அடுத்த பீரியட் பி.டி. அதிலும் எழவில்லை.

இதைக் கரும்பலகையில் செய்திருக்க முடியாதா? முடியும், ஒரே ஒரு படம் போட்டு ஒரே ஒரு விடை எடுத்திருக்கலாம். திரையில்தான் அந்தக் கொத்தனார் மகன் முப்பது வினாடியில் முப்பது விதமாக நகர்த்திப் பார்க்க முடிந்தது, அவன் சொன்னது சரி என்று எல்லோர் கண்முன்னாலும் தெரிந்தது. வீடியோவை நிறுத்தச் சொல்வது இதனால்தான். பிள்ளைகளின் விரல் திரையில் படட்டும். அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம்.

மிஸ் அதோடு விடவில்லை. அடுத்த வாரம் எல்லோரையும் வீட்டு மின்கட்டண அட்டையைப் பார்த்து யூனிட்டைக் குறித்துவரச் சொல்லி, ஹைடெக் லேபில் கணக்கு அட்டவணையில் போடவைத்தார். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விகிதம் மாறியிருக்கிறது, ஆனால் புரிவதற்கு அந்த எண்கள் சுலபம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய், 1,733 என்று மகள் வீட்டில் என்னிடம் போட்டுக் காட்டினாள், நானும் தலையாட்டினேன். மறுநாள் வந்து, "தப்புப்பா, 1,958" என்றாள். 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கு இருந்த பாதி விலை போய்விடும், அதுவும் 4.50 ஆகிவிடும், அங்கே 225 கூடும், மேலே 8. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். வரைபடமாகப் போட்டால் கோடு சாய்வாக ஏறிக்கொண்டே வந்து 500-ல் படியேறுகிற மாதிரி டக்கென்று எகிறும். பத்தாம் வகுப்பு சார்புகள் பாடத்தில் மூன்று துண்டாக அடைப்புக்குறி போட்டு எழுதுவார்களே, அது எதற்கு என்று எனக்கு நாற்பத்தேழு வயதில் புரிந்தது. வீட்டில் இப்போது மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு ஸ்டூல் நிரந்தரமாகக் கிடக்கிறது. ஐம்பதாவது நாளிலிருந்து மகள் ஏறி ரீடிங் பார்க்கிறாள், ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் போனால் ஏசி ரிமோட் காணாமல் போகிறது. அது எனக்குக் கஷ்டம்தான், அது வேறு விஷயம்.

மிஸ் செய்ததிலேயே பெரியது தண்டல் கணக்கு. எங்கள் பக்கம் தண்டல் வாங்காத கடை குறைவு, நானும் வாங்கியிருக்கிறேன். 10,000 என்று எழுதிக்கொண்டு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100, நூறு நாள். என்ன வட்டி? 15 சதவீதம் என்று எல்லோரும் சொல்வோம், வாங்குகிறவனும் கொடுக்கிறவனும். கையில் வந்தது 8,500 தானே, அதற்கு 1,500 என்றால் பதினேழரைக்கு மேலே என்று ஒரு பிள்ளை திருத்தினான். அது நூறு நாளைக்குத்தானே, வருடத்துக்கு என்றால் 64 என்றது இன்னொரு பிள்ளை. அங்கேயும் முடியவில்லை. நூறு நாளும் 8,500 உன் கையில் இருந்ததா, ஐம்பதாவது நாளிலேயே 5,000 திருப்பிவிட்டாயே என்று மிஸ் கேட்டதும் சத்தம் அடங்கிவிட்டதாம். நூறு வரிசை போட்டு, ஒவ்வொரு நாளும் பாக்கிக்கு வட்டி சேர்த்து நூறு ரூபாய் கழித்து, நூறாவது நாள் பாக்கி பூஜ்யமாக வேண்டும் என்றால் நாள் வட்டி என்ன என்று எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். நாளைக்கு 0.33 சதவீதம், வருடத்துக்கு 120-க்கு மேலே. கையால் நூறு வரிசையை நாலு தடவை போடச் சொன்னால் யார் போடுவார்கள்? கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தை மாற்றினால் நூறும் மாறுகிறது. யார் வீட்டில் தண்டல் ஓடுகிறது என்று மிஸ் கேட்கவே இல்லை, பெயரில்லாமல் 'ஒரு காய்கறிக் கடை' என்று மட்டும் எழுதினார். அந்த நாசூக்கு முக்கியம், இதைப் படிக்கிற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு சாயங்காலம் சில வீடுகளில் அந்தக் கணக்கு பேசப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீடும் ஒன்று.

மழைக்காலத்தில் இன்னும் நிறையச் செய்யலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், இவ்வளவு சுலபமான கணக்கு வேறு எதுவும் இல்லை. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மொட்டைமாடி 223 சதுர மீட்டர். சென்னைக்கு வருட மழை சராசரியாகச் சுமார் 140 சென்டிமீட்டர், ஆக மூன்று லட்சம் லிட்டருக்கு மேலே, 12,000 லிட்டர் லாரியில் இருபத்தாறு லாரி. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது, எத்தனை குழாய் இன்னும் தெருவைப் பார்த்து நிற்கிறது என்று பிள்ளைகளே எண்ணிவரட்டும். உங்கள் மாதிரிப் பத்திரிகைகளிலும் மழைக்காலத்தில் தினமும் ஏரி நீர்மட்டம் வருகிறது. செம்பரம்பாக்கம் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 12 அடி இருந்தால் பாதி ஏரியா? இல்லை. ஏரி டிரம் மாதிரி நேராக இருக்காது, தாம்பாளம் மாதிரி மேலே போகப் போக விரியும், அதனால் மேல் ஒரு அடியில் இருக்கிற தண்ணீர் கீழ் ஒரு அடியில் இருக்காது. ஒரு மாதத்துப் பேப்பரை வைத்துக்கொண்டு உயரத்தையும் கொள்ளளவையும் புள்ளியாக வைத்தால் கோடு வளைவது தெரிந்துவிடும். அளவியல் பாடத்தில் கூம்பின் இடைக்கண்டத்துக்கு, அதாவது நுனி வெட்டிய கூம்புக்கு, சூத்திரம் மனப்பாடம் செய்கிறார்கள், அது ஏரியிலும் பக்கெட்டிலும் இருப்பது தெரியாமல்.

எல்லாம் கடைக் கணக்காகிவிட்டால் உண்மையான கணிதம் என்னாவது என்று என் மைத்துனர் கேட்டார், கல்லூரியில் கணக்கு எடுக்கிறார். நியாயமான கேள்விதான். என் மனைவி மார்கழிக் கோலத்துக்கு 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை வைப்பாள், அதாவது நடு வரிசையில் 15, இரண்டு பக்கமும் வரிசைக்கு ஒன்று குறைந்து 8 வரை. மொத்தம் எத்தனை புள்ளி என்று அவளுக்கு அவசியமில்லை, யாருக்குமே அவசியமில்லை. மகள் கூட்டிப் பார்த்து 169 என்றாள், 13-ன் வர்க்கம்! ஏன் வர்க்கமாக வந்தது, எல்லாக் கோலத்துக்கும் வருமா என்று இரண்டு நாள் அலைந்தாள். வராது, 9 புள்ளி வைத்து 5 வரை போனால் 61. ஒரு பிரயோஜனமும் இல்லாத அந்தக் கேள்விக்கு அவளை யாரும் மார்க் கொடுத்துத் துரத்தவில்லை. எண் மேல் ஒரு ஆசை வந்துவிட்டால் பிரயோஜனம் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பதில்லை. அந்த ஆசை வருவதற்கு முதலில் எண் கையில் தட்டுப்பட வேண்டும். டிசம்பர் 22 ஆனால் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, மாறுவேடப் போட்டி வைத்து, அடுத்த நாள் பரீட்சை மாதிரித் தாளை எடுத்துவிடுகிறோம்.

ஆசிரியர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். அந்த மிஸ் இதையெல்லாம் செய்தது ஸ்லிப் டெஸ்ட் நேரத்தைக் கடன் வாங்கித்தான். ஆன்லைன் பதிவேடு நிரப்புவது, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, எல்லாம் அவர்கள் தலையில். பத்தாம் வகுப்பு என்றால் அவராலும் முடியாது என்று அவரே சொல்கிறார். தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மதிப்பெண் நிச்சயம், அந்தப் பதினாறை விடக் கூடாது என்று அதே மாதிரியை முப்பது தடவை வரையவைக்கிறார்கள். அதனால் எனக்குத் தோன்றுவது, பாடத்திட்டம் வகுக்கிறவர்களும் கேள்வித்தாள் எடுக்கிறவர்களும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மாற்றட்டும். அதில் தேவையில்லாத எண்ணும் இரண்டு இருக்கட்டும், தேவையான ஒன்று இல்லாமல் இருக்கட்டும், 'நீ எதை எடுத்துக்கொண்டாய், ஏன்' என்று எழுதினால் மதிப்பெண் என்று வைக்கட்டும். பரீட்சையில் வந்துவிட்டால் வகுப்பில் தானாக வந்துவிடும், நம் ஊரில் அதுதான் நடைமுறை. அதற்கு முன்னால், திரைக்குப் போட்ட பணத்தில் ஒரு சிறு பங்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பள்ளிக்கும் நாலு டேப், ஒரு ரசமட்டம், ஒரு தராசு, ஒரு மழைமானி வாங்கிவிடலாம். திரை காட்டத்தான் செய்யும், அளந்து கொண்டுவர வேண்டியது பிள்ளைகள்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். ஏரி நீர்மட்டம், தங்கம் விலை, காய்கறி விலை எல்லாம் போடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் அதன் கீழேயே ஒரு கேள்வி போடுங்கள், விடை மறுவாரம். பரிசெல்லாம் வேண்டாம். எங்கள் தெரு டீக்கடையில் ராசிபலனுக்கு அடுத்து அதைத்தான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, எந்தப் பள்ளியிலாவது கணக்கு மிஸ் யாராவது இதைப் படித்துவிட்டு டைல்ஸ் கணக்கு எடுக்க நினைத்தால், பெரம்பூர் சுற்றுவட்டாரமாக இருந்தால், சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் கூட்டம் இருக்காது. நாலு டேப்பும் உடைந்த டைல்ஸ் ஒரு பெட்டியும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டைல்ஸ் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை.